வாசலோடு நிற்பவர்

அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்தது. மாராத்தாளுக்கு எதிரான முதல் சாட்சி அதுதான்.

கூப்பாடு கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு மனிதருக்குத் திறந்தது. ஸ்ட்ரெச்சரோடு வந்த ஆம்புலன்ஸ்காரர்களுக்குத் திறந்தது. சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான்கு முறை முன்னே போய்ப் பின்னே வந்து பார்த்தார். நான்கு முறையும் தேக்குப் பலகை சத்தமே இல்லாமல் சுவருக்குள் போய் ஒளிந்துகொண்டது. பூஜை அறைக்குள் வீட்டு எஜமானி ருக்மணியம்மாள் விழுந்து கிடந்த இடத்தில் கவிழ்ந்த விளக்கின் எண்ணெய் மட்டும் பரவியிருந்தது.

"பதினோரு நிமிசம் கதவுக்கு முன்னால நின்னு கத்துனனுங்க. திறக்கவே இல்லீங்க" என்றாள், அந்த வீட்டில் மூன்று வாரமாக வேலை பார்த்த மாராத்தாள்.

"எனக்குத் திறக்குது, உனக்கு மட்டும் திறக்காதா? கதவுக்கு நீ என்ன சக்களத்தியா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். கூட நின்ற கான்ஸ்டபிள் சிரித்தார்.

பத்து நிமிடம் முன்னால் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கழுத்துச் சங்கிலிக்கு ஆசைப்பட்டு, உயிர் போகட்டும் என்று வெளியே நின்று வேடிக்கை பார்த்தாள் என்று மகன் ஜெகநாதன் புகார் எழுதிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே மாராத்தாளை வண்டியில் ஏற்றினார்கள்.

பன்னிரண்டாம் நாள் அந்தக் கதவு சம்பந்தமான ஒரு தாள், அதைச் செய்த கம்பெனியின் எஞ்சினீயர் கோகிலவாணியின் மேஜைக்கு வந்தது. காலை 9.42 முதல் 9.53 வரை பூஜை அறைக் கதவில் நுழைவு முயற்சி எதுவும் இல்லை, இந்தப் பதிவு சரியானது என்று சான்றளிக்கிறேன் என்று அதில் டைப் அடித்திருந்தது. கீழே அவள் பெயர். கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

கோவையில் புதிதாகக் கட்டும் வீடுகளில் கைப்பிடி வைத்த கதவு பழசாகிவிட்டிருந்த காலம் அது. ஆள் வந்தால் கதவு தானாகத் திறக்க வேண்டும், ஆனால் எது திறக்கிறது என்று கண்ணுக்குத் தெரியக் கூடாது. சுவரில் கறுப்புக் குமிழ் தெரிந்தால் வீடு ஆஸ்பத்திரி போல இருக்கிறது என்று வாங்குகிறவர்கள் முகம் சுளித்தார்கள். எள்ளளவே உள்ள கண்ணை நிலைச் சட்டத்தின் பூவேலைக்குள் ஒளித்து வைத்தவள் கோகிலவாணி. வாசலுக்கு இரண்டடி முன்னால் ஓர் அகச்சிவப்புக் கதிர், பலகைக்கு நாலு விரல் முன்னால் இன்னொன்று. அந்த இரண்டையும் ஒருவர் எந்த வேகத்தில் வெட்டுகிறார் என்பதை வைத்தே, அவர் உள்ளே வருகிறவரா, சும்மா கடந்து போகிறவரா என்று கதவு முடிவு செய்துவிடும். ஒரு வீட்டுக் கதவு கற்றுக்கொண்டதை மூவாயிரத்துச் சொச்சம் வீட்டுக் கதவுகளும் கற்றுக்கொள்ளும். 'இமை' என்று அதற்குப் பெயர் வைத்தவளும் அவள்தான். அந்தப் பெயரில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு.

"கையெழுத்துத்தான் அம்மிணி. ஜாதகமா பாக்கப் போறே?" என்றார் முதலாளி சென்னியப்பன்.

"சட்டத்துக்குள்ள இருக்கற நினைவுப் பட்டையை ஒருக்கா பாத்துட்டுப் போடறனுங்க சார்."

"அதெதுக்கு? பதிவேடுதான் ஆபீசுக்கே வந்திருச்சே."

"பதிவேடு கதவு எழுதினது. பட்டை கண்ணு பாத்தது. ரெண்டும் ஒண்ணான்னு பாக்கோணும்."

சென்னியப்பன் சிரித்தார். "நீ செஞ்ச கதவை நீயே நம்ப மாட்டேங்கறே. ஊரு எப்படி நம்பும்?"

வடவள்ளிக்கு அப்பால் இருந்த அந்த வீட்டுக்கு மறுநாள் போனாள். ஜெகநாதன் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தாயை இழந்த மனிதர். முகம் மழிக்காமல், கண் உள்ளே போய் இருந்தது. அவள் வந்ததையும் அவர் சரியாகக் கவனிக்கவில்லை. நிலைச் சட்டத்தின் அடியில் இருந்த மரச் சில்லை நெம்பி, விரல் அகலப் பட்டையை மடிக்கணினியில் இணைத்தாள். பழுது பார்ப்பதற்காக அவளே வைத்தது அது. முப்பது நாளுக்கு, கதிர் வெட்டுப்பட்ட ஒவ்வொரு கணமும், மோட்டார் அசைந்த ஒவ்வொரு கணமும் அதில் அப்படியே இருக்கும். கதவு என்ன நினைத்தது என்பது அதில் இருக்காது. வெளியிலிருந்து யாரும் அதைத் திருத்தவும் முடியாது.

9.42க்கு முதல் வெட்டு. பிறகு வெட்டு, வெட்டு, வெட்டு. வெளிக்கதிர் முப்பத்தேழு முறை. உட்கதிர் பத்தொன்பது முறை. கடைசியாக உட்கதிர் வெட்டுப்பட்டு, விடவே இல்லை. மூன்று நிமிடம் நாற்பது வினாடி.

பலகைக்கு நாலு விரல் முன்னால் மூன்று நிமிடம் நாற்பது வினாடி ஒரு உடம்பு இருந்திருக்கிறது. நாலு விரல் இடத்தில் ஆள் நிற்க முடியாது. சாயத்தான் முடியும்.

மோட்டார் அசைவு: பூஜ்யம்.

கோகிலவாணி தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஜெகநாதன் உள்ளே போய்விட்டு வந்து, "முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினாள். அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

மனதுக்குள் கிளம்பியது பயம் என்று முதலில் நினைத்தாள். வண்டியை எடுத்துக்கொண்டு பாதி தூரம் வந்த பிறகுதான் அது கோபம் என்று தெரிந்தது.

கதவின் கணக்கில் ஒரு பிரிவு உண்டு. அதற்குப் பெயர் 'நிற்பவர்'. வாசல்வரை வந்து, உள்ளே வராமல் நின்று, திரும்பிப் போகிறவர்கள். அவர்களுக்குத் திறந்தால் அது வீண் திறப்பு. ஒவ்வொரு வீண் திறப்புக்கும் கதவு தன்னைத் திருத்திக்கொள்ளும். இன்னாருடைய நடை நிற்பவருடையது என்று ஒருமுறை தீர்மானித்துவிட்டால், பிறகு அவர் எத்தனை முறை வந்தாலும் அதை முயற்சியாகவே எண்ணாது. அந்த வீட்டுப் பதிவேட்டில் மாராத்தாளின் பெயருக்கு நேராக அந்த ஒரு சொல்தான் இருந்தது. ஆனால் அவள் அந்த வீட்டுக்கு வந்து மூன்றே வாரம். இவ்வளவு சீக்கிரம் எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தது?

அதற்கு அடுத்த நாள் பெண்கள் சிறையில் அனுமதி வாங்கிக்கொண்டு மாராத்தாளைப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பேச்சுக்குக் கூப்பிட்ட அறையின் வாசலில், உள்ளே வருவதற்கு முன்னால், மாராத்தாளின் நடை ஒரு கணம் சுணங்கியது. வலது கால் முன்னே வந்து, எடை மட்டும் பின்காலிலேயே தங்கியது. அரை அடி. காவலர் "ம், போ" என்ற பிறகு உள்ளே வந்தாள். அந்தச் சுணக்கம் அவளுக்கே தெரிந்திருக்காது. நாற்பது வருஷமாக யார் யார் வீட்டு வாசலிலோ பழகிய கால் அது.

"நீங்கதான் அந்தக் கதவு செஞ்சவிங்களா?" என்று கேட்டாள் மாராத்தாள்.

"ஆமாங்க."

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. போலீசுக்கெல்லாம் திறக்குதே."

கோகிலவாணி தலை குனிந்தாள். "நீங்க சொன்னது நெசந்தான்னு எனக்குத் தெரியும். அன்னிக்குக் கதவு திறக்கல. பட்டையில இருக்குது."

மாராத்தாள் சுவரைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். "தெரிஞ்சுதுன்னா நானெதுக்கு இங்க இருக்கறன்?" என்றாள்.

"சொல்லத்தான் போறேன். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கோணும். கதவை நீங்க ஒடைக்கப் பாக்கலையா? இடிச்சுத் தள்ளியிருந்தா..."

"சாமி ரூமு கதவுங்க. ஒதைக்கறதுக்குக் கால் வருங்களா? கையால தட்டுனேன். நெஞ்சை வெச்சுத் தள்ளுனேன். கைப்பிடின்னு ஒண்ணு இருந்திருந்தா பிடுங்கியாச்சும் எறிஞ்சிருப்பேன். வழவழன்னு பலகைதான் இருந்துச்சு. எங்கீங்க பிடிக்கறது?"

கைப்பிடி இல்லாத அந்த வழவழப்புக்குக் கோகிலவாணி பரிசு வாங்கியிருந்தாள்.

"அதுக்கு முந்தி அந்த ரூமுக்குள்ள போயிருக்கீங்களா?"

"தெனமும் போவேன். அந்தம்மா முன்னால போவாங்க, நான் பின்னாலயே போயிக் கூட்டித் துடைச்சுட்டு வருவேன். அன்னிக்குத்தான் தனியாப் போனது." மாராத்தாள் நிமிர்ந்தாள். "அப்ப அது என்னை ஆளாவே எண்ணலீங்களா?"

"எண்ணுச்சுங்க" என்றாள் கோகிலவாணி. "உள்ள வராத ஆளுன்னு எண்ணுச்சு."

"யாரு சொன்னாங்களாம்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் கோகிலவாணி அன்று அலுவலகத்துக்குத் திரும்பினாள். அரை அடி சுணங்கி, பின்காலில் எடை வைக்கும் நடையைக் கதவு முதன்முதலில் எங்கே கற்றது என்று கணினியில் பின்னோக்கிப் போனாள். சரவணம்பட்டியில் ஒரு வீடு. அதற்கு முன்னால் ராமநாதபுரத்தில் ஒன்று. அதற்கும் முன்னால், மூன்று வருடத்துக்கு முன், சோதனைக்காக வைத்த முதல் பத்து வீடுகள். அந்தப் பத்தில் முதல் வீடு. வீடு எண் ஒன்று.

அது அவளுடைய வீடு.

பாடம் நுழைந்த தேதியில் அவளே எழுதிய குறிப்பும் இருந்தது. 'சமையலறைக் கதவு நாளைக்கு இருபது தடவை சும்மா திறக்கிறது. நிற்பவருக்குத் திறக்காதபடி மாற்றினேன். வீண் திறப்பு இரண்டாகக் குறைந்தது.' பக்கத்தில் சந்தோஷத்தில் ஒரு ஆச்சரியக்குறி போட்டிருந்தாள்.

வீட்டுக்குப் போனபோது பழனாத்தாள் பாத்திரம் கழுவி முடித்திருந்தாள். ஒன்பது வருடமாக அங்கே வேலை செய்கிறவள். பாத்திரக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு புறக்கடையிலிருந்து வந்தாள். சமையலறை வாசலுக்கு முன்னால் ஒரு கணம் சுணங்கினாள். கதவு அசையவில்லை. கூடையை வாசல் ஓரத்தில் இறக்கி வைத்துவிட்டு, "அம்மா, ஏனம் வெச்சுட்டனுங்க" என்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். கோகிலவாணியின் மாமியார் கூடத்திலிருந்து எழுந்து போனார். அவருக்குக் கதவு திறந்தது. கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பழனாத்தாள் வாசலோடு நிற்பதை ஒன்பது வருடமாகக் கோகிலவாணி தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"பழனாத்தா, உள்ளயே கொண்டுபோயி வெச்சா என்ன?"

பழனாத்தாள் அவளை விநோதமாகப் பார்த்தாள். "இருக்கட்டுங்க அம்மிணி. இதே பழகிருச்சு."

அவள் போன பிறகு கோகிலவாணி மாமியாரிடம் கேட்டாள். "அத்தை, அடுப்படிக்குள்ள வராதேன்னு அவகிட்ட எப்பவாச்சும் சொல்லியிருக்கீங்களா?"

"நானா? சிவ சிவா! என் வாயால ஒரு நாளும் சொன்னதில்ல கண்ணு. அந்தப் பாவம் எனக்கெதுக்கு? அவளே நின்னுக்குவா. வெவரமானவ."

"அவளுக்கு யாரு சொன்னது?"

"எல்லாத்தையும் வாயைத் தொறந்தா சொல்லுவாங்க? நல்லா கேக்கறே போ!" மாமியார் டம்ளர்களை அடுக்கத் தொடங்கினார். "ஏன், நீ சொன்னியா?"

இல்லை. கோகிலவாணியும் சொன்னதில்லை. அவள் எவ்வளவோ படித்திருந்தாள். இப்படியெல்லாம் நடக்கிற வீடுகளைப் பற்றிக் கூட்டங்களில் ஆத்திரமாகப் பேசியிருக்கிறாள். ஒரு பெண் நாளைக்கு இருபது முறை வாசலில் நிற்பதைப் பார்த்து, ஏன் நிற்கிறாய் என்று கேட்காமல், கதவு சும்மா திறக்கிறதே என்று கவலைப்பட்டிருக்கிறாள். சொல்வதற்கு வெட்கப்பட்ட ஒன்றைச் சொல்லாமலே செய்துகாட்ட வீட்டுக்கு ஒரு கருவி கிடைத்தது. முன்பெல்லாம் யாராவது ஒருவர் முகத்தைச் சுளிக்கவாவது வேண்டியிருந்தது. இப்போது அதுவும் வேண்டாம். எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கலாம். கதவு பார்த்துக்கொள்ளும்.

மறுநாள் காலையில் சென்னியப்பன் எதிரில் போய் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். இப்படி வெச்சுக் குடுங்கன்னு எந்த வீட்டுக்காரனாச்சும் நம்மளக் கேட்டானா?"

"இல்லீங்க."

"நாமளா வெச்சமா?"

"இல்லீங்க."

"அப்பறம் யாரு மேல தப்பு?"

"அதாங்க சார் கொடுமையே! யாரு மேலயும் இல்லாத தப்புக்கு ஒருத்தி ஜெயில்ல கெடக்கறா!" அவள் குரல் வெளியே தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. "நான் அந்தத் தாள்ல கையெழுத்துப் போட மாட்டேன். கோர்ட்டுல சொல்லத்தான் போறேன்."

சென்னியப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். சண்டைக்கு வருவார் என்று அவள் நினைத்தாள். அவர் மெதுவாகத் தலையாட்டினார்.

"சொல்லு. நான் தடுக்கல. ஆனா அதுக்கு முன்னால ஒண்ணு. மூவாயிரம் வீட்ல இதே கதவு நிக்குது. இந்நேரம் எந்த வீட்ல எவ விழுந்து கெடக்கறாளோ? கோர்ட்டு கச்சேரி கெடக்கட்டும். முதல்ல அந்த விதியை எடுத்துரு. எல்லா வீட்லயும், இன்னிக்கே. நல்ல காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாது அம்மிணி."

அவர் சொன்னது நியாயமாகவே இருந்தது. பழுதைக் கண்டால் கை தானாக அதைச் சரி செய்யப் போகும். அது எஞ்சினீயர்களின் பிறவிக் குணம். மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து வேலை செய்தாள். நாலு மணிக்குள் ஒரு வீடு விடாமல் எல்லாக் கதவுகளிலிருந்தும் 'நிற்பவர்' என்ற சொல்லையே அழித்தாள். இனிமேல் வாசலுக்கு யார் வந்தாலும், எப்படி வந்தாலும் திறக்கும். இரண்டு நாட்களுக்குப் பிறகு அன்று இரவுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

அதற்கு மறுநாள், வழக்கை விசாரிக்கும் குற்றவியல் நடுவர் தமயந்தி அந்த வீட்டை நேரில் பார்க்க வந்தார். அவருடைய எழுத்தர் ஒரு முக்காலியில் தாள்களோடு உட்கார்ந்தார். ஜெகநாதனும் அவருடைய வக்கீலும் ஒரு பக்கம். சென்னியப்பனும் பக்கத்து வீட்டு மனிதரும் இன்னொரு பக்கம். இரண்டு பெண் காவலர்களுக்கு நடுவில் மாராத்தாள். கோகிலவாணி அச்சடித்த தாள்களைக் கையில் வைத்திருந்தாள்.

அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் வக்கீல் எழுந்தார். "அம்மா, தாளும் கணக்கும் அப்புறம் பாக்கலாம். கதவு இங்கேயே இருக்கு. அந்தம்மாவும் இருக்காங்க. நடக்கச் சொல்லுங்க. திறக்குதா இல்லையான்னு நாமளே பாத்துக்கலாமே."

"சரிதான்" என்றார் நடுவர்.

நேற்றுத் தன் கையாலேயே எதை அழித்தோம் என்று கோகிலவாணிக்கு அப்போதுதான் புரிந்தது. திரும்பிச் சென்னியப்பனைப் பார்த்தாள். அவர் வேட்டிக் கரையை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, வேண்டாங்க... நேத்து..." என்று தொடங்கினாள்.

"உங்க முறை வரும்போது பேசுங்க" என்றார் நடுவர்.

மாராத்தாள் நடந்தாள். வெறும் கால். பதினாறு நாளில் இளைத்திருந்தாள். வாசலுக்கு இரண்டடி முன்னால் வந்தாள், அந்த அரை அடி சுணங்கினாள். கதவு திறந்தது.

முழுதாகத் திறந்தது. உள்ளே சாமி படங்கள், காய்ந்த மாலை, துடைத்த தரை எல்லாம் தெரிந்தன. கூடத்தில் யாரோ உச் கொட்டினார்கள்.

மாராத்தாள் உள்ளே போகவில்லை. திறந்த வாசலுக்கு முன்னால் அப்படியே நின்றாள்.

"பாத்தீங்களாம்மா!" ஜெகநாதன் குரல் உடைந்தது. "தொறந்த கதவு! இப்பவும் நிக்கறா பாருங்க! அன்னிக்கும் இப்படித்தான் நின்னிருக்கா. எங்கம்மா உள்ள துடிச்சுட்டுக் கெடக்க, இவ கல்லாட்டம் நின்னிருக்கா!"

"உட்காருங்க" என்றார் நடுவர். பிறகு மாராத்தாளிடம், "கதவுதான் திறந்திருக்கே. ஏன் நிக்கறீங்க?"

மாராத்தாள் கதவைப் பார்த்தாள். அது தனக்காகத் திறந்திருக்கிறது என்பதை அவளால் நம்ப முடியவில்லை என்று தோன்றியது.

"உள்ள வான்னு யாரும் சொல்லலீங்களே" என்றாள்.

எழுத்தர் அதை எழுதிக்கொண்டார்.

"அந்தம்மா சொல்லுவாங்க. வந்த மொத நாளே சொன்னாங்க, எங்கயும் நிக்காத மாரா, இது உன் வீடாட்டம்னு. எனக்குத்தான் கால் வராது. அன்னிக்கும் உள்ள இருந்து சொன்னாங்க. வா மாரா, உள்ள வா மாரான்னு. பேச்சு கொழறிப் போச்சு, அப்பவும் அதையேதான் சொன்னாங்க." அவள் கதவின் பலகை மறைந்துபோன சுவரைக் கையால் காட்டினாள். "அன்னிக்கு நான் வந்தேன். இதுதான் உள்ள உடல."

ஜெகநாதன் தலையைத் தூக்கினார். மாரா என்று அம்மா கூப்பிடுவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆள் நிற்பதால் மூடவும் முடியாமல் கதவு திறந்தபடியே இருந்தது.

"இப்ப நான் பேசலாங்களா?" என்றாள் கோகிலவாணி.

அவள் பேசினாள். நேற்று நாலு மணிவரை இந்தக் கதவு இந்தப் பெண்ணுக்குத் திறந்திருக்காது என்றாள். மாற்றியது தான்தான், நல்லது என்று நினைத்து மாற்றினேன், மாற்றச் சொன்னவர் இங்கேதான் இருக்கிறார் என்றாள்.

வக்கீல் சிரித்தார். "நல்லா இருக்கு! நேத்துவரைக்கும் திறக்கலையாம், நேத்துத்தான் இவங்களே மாத்தினாங்களாம். யாரு சாட்சி?"

"கதவுதாங்க சாட்சி."

நிலைச் சட்டத்தின் அடியில் மண்டியிட்டு, மரச் சில்லை நெம்பி, எல்லோர் முன்னாலும் பட்டையை உருவினாள். அதில் இருந்ததை மடிக்கணினியின் திரையில் நடுவருக்குக் காட்டினாள். முப்பத்தேழு, பத்தொன்பது, மூன்று நிமிடம் நாற்பது வினாடி. மோட்டார் அசைவு பூஜ்யம். நடுவர் எழுந்து வந்து, பலகையிலிருந்து நாலு விரல் என்றால் எவ்வளவு என்று தன் விரல்களை வைத்து அளந்து பார்த்தார். மாராத்தாளின் நெஞ்சைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார்.

"ஒரு ஆள் கதவு மேலயே சாஞ்சு கெடந்திருக்கா. கதவு அசையல. அப்புறம் எப்படி முயற்சியே இல்லைன்னு பதிவேட்டுல வந்தது?"

"எதை முயற்சின்னு எண்ணோணும்னு அதுக்கு நாங்க கத்துக் குடுத்தமோ, அதை மட்டுந்தாங்க எண்ணுச்சு."

"மெஷின் தானாக் கத்துக்கறதுங்கம்மா" என்று சென்னியப்பன் இடையில் புகுந்தார். "அதுக்கு யாரும்..."

"உங்களைக் கேக்கலை." நடுவர் இருக்கைக்குத் திரும்பினார். மாராத்தாளை அன்றே விடுவிக்கச் சொல்லி எழுத்தரிடம் சொன்னார். கம்பெனியின் பதிவேடுகள் எதையும் இனி யாரும் தொடக்கூடாது என்றார். பெண் காவலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்கள். மாராத்தாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். யாருக்கும் கும்பிடு போடவில்லை.

"இந்த வீட்லதான் அது இப்படிக் கத்துக்கிச்சா?" என்று நடுவர் கேட்டார்.

"இல்லீங்க. மூவாயிரத்து இருநூத்துப் பதினாலு வீட்ல, ரெண்டாயிரத்து எழுநூறு வீட்டுக்கு மேல கத்துக்கிச்சுங்க. இந்த வீடு அதுல இல்ல. இங்க கத்துக்க எதுவும் இருக்கல."

"எந்தெந்த வீடுன்னு தெரியுமா?"

"பட்டியல் இருக்குதுங்க."

"எழுதிக்கணும்" என்று நடுவர் எழுத்தரிடம் சொன்னார். "கதவுக்கு யார் கத்துக் குடுத்தாங்கன்னு."

எழுத்தர் பேனாவைத் திருகினார். "பேர் சொல்லுங்க."

கோகிலவாணி தன் பெயரைச் சொன்னாள். பிறகு தன் வீட்டு முகவரியைச் சொன்னாள், கதவு எண், தெரு, கிளை அஞ்சலகம் எல்லாம் விடாமல். இரண்டாவது வீடு சென்னியப்பனுடையது. அதையும் சொன்னாள். அவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். ஏழாவது முகவரியைச் சொன்னபோது, இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மனிதர், "அது நம்ம மச்சினன் வீடாச்சே" என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார். கோகிலவாணி நிறுத்தவில்லை. எட்டு, ஒன்பது, பத்து என்று வாசித்துக்கொண்டே போனாள். அவள் குரலில் இப்போது ஆத்திரம் இல்லை. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் விளங்கும்படி வாசித்தாள்.

பதினாறாவது வீட்டில் எழுத்தர் கையைத் தூக்கி, "கொஞ்சம் நில்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தாள் கேட்டார்.